நெட்டைக் காம்பு

சிலாங்கூரில் புக்கிட் ரோத்தானைத் தாண்டி இருக்கும் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் அப்பளசாமி இருபத்தெட்டு வருஷம் ஒரே ஒரு வேலைதான் பார்த்தார். வேண்டாம் என்று சொல்லும் வேலை. தோட்டத்து லோரிகள் வந்து குலைகளைக் கொட்டும். அவர் கையில் ஓர் இரும்புக் கொக்கியோடு அந்தக் குவியலைச் சுற்றி வந்து, ஒவ்வொரு குலையாகப் புரட்டி, இது பழுத்தது, இது காய், இது அழுகல் என்று பிரித்துத் தள்ளுவார். பழமெல்லாம் உதிர்ந்து வெறும் முள்ளும் நாருமாக வந்தால் அது வெற்றுக் குலை. பழம் நன்றாக இருந்தும் காம்பை ஒட்ட வெட்டாமல் ஒரு முழத்துக்கு விட்டிருந்தால் அது நெட்டைக் காம்பு. காம்பில் எண்ணெய் கிடையாது, எடை மட்டும் உண்டு. அந்த ஒன்றுக்கு மட்டும் அவர் சலுகை காட்டுவார். லோரிக்காரன் கையிலேயே கோடாரியைக் கொடுத்து, "வெட்டிட்டு வா, எடுத்துக்கலாம்" என்பார். மற்ற எதற்கும் மறுபேச்சு இல்லை. யாராவது வாதாட வந்தால் அவர் அடுத்த லோரிக்குப் போய்விடுவார்.

லோரிக்காரர்கள் அவருக்கு ரிஜெக் சாமி என்று பெயர் வைத்திருந்தார்கள். அது அவர் காதுக்கு வந்தபோது கோபம் வரவில்லை. உள்ளுக்குள் கொஞ்சம் குளிர்ந்துகூடப் போனார்.

பகலெல்லாம் குற்றம் கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிற மனிதர் வீட்டுக்கு வந்ததும் கண்ணை மூடிக்கொள்வாரா? பசாரில் பப்பாளி, கோயிலில் பொங்கல், மகனுக்குப் பார்த்த சம்பந்தி வீடு, எல்லாவற்றையும் புரட்டிப் பார்த்து ஒரே சொல்லில் முடித்துவிடுவார். மனைவி துளசி வைத்த சாம்பாரை முப்பது வருஷமாகக் "காய்" என்றே சொல்லிவந்தார். துளசியும் முப்பது வருஷமாக அதே சாம்பாரையே வைத்துவந்தாள்.

ஐம்பத்தெட்டு வயதில் ஆலை அவரை அனுப்பிவைத்தது. இனிமேல் நாள் முழுவதும் தரம் பார்க்கப்படப்போவது தான்தான் என்பது துளசிக்கு உடனே விளங்கிவிட்டது. யாரையோ பிடித்து, யாரிடமோ சொல்லி, ஒரே மாதத்தில் கோலசிலாங்கூரில் ஒரு தனியார் கல்லூரியில் வேன் ஓட்டும் வேலையை அவருக்கு வாங்கிக் கொடுத்தாள்.

கல்லூரி என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். கீழே டயர் கடையும் பல் மருத்துவரும்; மேலே இரண்டு மாடியில் கல்லூரி. கடை வரிசைக்குப் பின்னால் ஒரு சிமெண்டுத் திடல், இரண்டு முனையிலும் துருப்பிடித்த வளையம். அதில் பெண்கள் கூடைப்பந்துக் குழு ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. ஆடிக்கொண்டிருந்தது என்று கல்லூரி சொன்னது. அப்பளசாமி அப்படிச் சொல்லவில்லை.

வகுப்பு முடிந்து, நான்கு மணியிலிருந்து ஆறு மணிவரை அவர்கள் இரண்டு அணியாகப் பிரிந்து பயிற்சி செய்ய, அவர் வேனை நிழலில் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். முதல் வாரமே எல்லாரையும் புரட்டிப் பார்த்துவிட்டார். பன்னிரண்டு பெண்களில் பாதிப்பேர் தமிழ்ப்பள்ளியில் வலைப்பந்து ஆடி வந்தவர்கள். வலைப்பந்தில் பந்தைப் பிடித்தவள் நகரக் கூடாது. ஆகவே இங்கேயும் பந்து கைக்கு வந்த நொடியே ஆணி அடித்த மாதிரி நின்றுவிடுவார்கள். மீதிப்பேருக்குப் பந்தைவிடக் கைப்பேசியில் எடுக்கும் படம் முக்கியம். தலைவி கெய்ட்லின், ஈஜோக் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வீடமைப்புப் பகுதிக்கு மாறி வந்த குடும்பத்துப் பெண். நல்ல உயரம்; அதைவிட உயரம் அவளுக்கு இருந்த நம்பிக்கை. எந்த மூலையிலிருந்து எறிந்தாலும் விழும் என்று நினைப்பு. நஸ்ரின், பஸ் நிலையத்தருகே சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவரின் மகள். நாய்க்கு வேலையில்லை, நிற்க நேரமுமில்லை என்பார்களே, அப்படி ஓடுவாள். பந்து மட்டும் அவள் பக்கம் வராது. தப்பித்தவறி வந்தாலும் பதறிப்போய் எதிரணியின் கையிலேயே கொடுத்துவிடுவாள்.

பயிற்சியாளர் அகிலன் வேறு. வணிகவியல் பாடம் நடத்தும் விரிவுரையாளர். இரண்டு நாள் வகுப்புக்குப் போய்ச் சான்றிதழ் வாங்கியவர், வகுப்பறையிலும் கழுத்தில் விசிலோடுதான் நிற்பார். எந்தப் பெண் பந்தை எங்கே எறிந்தாலும் கைதட்டி "நைஸ் டிரை, நைஸ் டிரை" என்பார். காயைக் கொண்டுவந்தவனை நைஸ் டிரை என்று தட்டிக் கொடுத்தால் ஆலையில் எண்ணெய் வருமா என்று அப்பளசாமி தனக்குள் கேட்டுக்கொள்வார்.

சும்மா இருந்த கை அரித்தது. ஓய்வு பெறும்போது, யாருக்கும் வேண்டாம் என்று கிடந்த ஆலைத் தரப் புத்தகங்கள் நான்கைந்தை அவர் எடுத்து வந்திருந்தார். பச்சை அட்டை; உள்ளே அச்சடித்த கட்டங்கள். முதல் கட்டத்தில் லோரி எண். அடுத்து வரிசையாகப் பழுத்தது, காய், அழுகல், வெற்றுக் குலை, நெட்டைக் காம்பு. ஒருநாள் வெறுப்பின் உச்சத்தில், லோரி எண் இருந்த இடத்தில் பன்னிரண்டு பெண்களின் பெயரையும் எழுதினார். வளையத்துக்குள் விழுந்தால் பழுத்தது. எட்டாமல் விழுந்தால் காய். எறிந்திருக்கவே கூடாத இடத்திலிருந்து எறிந்தாலோ, எதிரணியிடம் கொடுத்தாலோ அழுகல். ஓடிவிட்டுப் பந்தைத் தொடாமலே திரும்பினால் வெற்றுக் குலை. நன்றாகப் பிடித்து, கொடுக்க வேண்டிய நேரத்தில் கொடுக்காமல் கையிலேயே வைத்துத் தட்டிக்கொண்டிருந்தால் நெட்டைக் காம்பு. ஒவ்வொரு பயிற்சி மாலைக்கும் ஒரு பக்கம். எந்த மூலையிலிருந்து எறிந்தாள் என்பதையும் ஓரத்தில் குறித்துவைப்பார். திட்டுவதென்றால் ஆதாரத்தோடு திட்ட வேண்டும் என்பது அவர் கொள்கை.

இப்படி மூன்று வருஷம் ஓடியது. புத்தகம் இரண்டு முடிந்து மூன்றாவது நடந்தது.

இந்த வருஷம் வட சிலாங்கூர்த் தனியார் கல்லூரிகளுக்கான கூடைப்பந்துச் சாம்பியன்ஷிப் ரவாங்கில் நடக்கப்போகிறது என்று அறிவித்தார்கள். எட்டுக் கல்லூரிகள், ஒரே சனிக்கிழமை, மூடிய மண்டபம், மரத் தளம். அவ்வளவுதான், கல்லூரிக்குப் பேய் பிடித்துவிட்டது. ஏற்பாட்டுக் குழு பதினொரு முறை கூடியது. வாங்கிய பந்து ஒன்று. டயர் கடைக்கு மேலே இரண்டு மாடியையும் மறைத்து ஒரு பதாகை தொங்கியது. அதில் கல்லூரித் தலைவரின் முகம் வேன் அளவுக்கு இருந்தது. கூடைப்பந்து எலுமிச்சம்பழம் அளவுக்கு ஓர் ஓரத்தில் இருந்தது. பிறகு வழியனுப்பு விழா ஒத்திகை. யார் யாருக்குப் பொன்னாடை, எந்த வரிசையில், யார் கையால் என்பதை முடிவு செய்யவே ஒரு வாரம். பொன்னாடைத் தட்டு ஏந்தி நடக்கப் பெண்கள் வேண்டுமென்று நான்கு மாலைப் பயிற்சியை ரத்து செய்து, இந்தப் பன்னிரண்டு பேரையும் தட்டோடு நடக்கப் பழக்கினார்கள். விளக்குமாற்றுக்குப் பட்டுக் குஞ்சம் என்று அப்பளசாமி வேனுக்குள் உட்கார்ந்து முணுமுணுத்தார். அந்த நான்கு நாளுக்கும் புத்தகத்தில் பக்கம் விட்டு, "தட்டு" என்று ஒரே ஒரு சொல் எழுதிவைத்தார்.

ஆனால் ஒன்றை மறைப்பதற்கில்லை. அப்பளசாமிக்கு அந்த மண்டபத்துக்குள் போக வேண்டும். ஆசை என்றால் சாதாரண ஆசை இல்லை. போன வருஷம் அதே ரவாங்கில் ஒரு நட்பு ஆட்டத்துக்கு இவர்களை ஏற்றிக்கொண்டு போனார். ஓட்டுநர்கள் வண்டியோடு இருக்க வேண்டும் என்று வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். இரண்டு மணி நேரம் உள்ளேயிருந்து கூச்சல் கேட்டது. யார் எறிந்தாள், எது விழுந்தது, ஒன்றும் தெரியவில்லை. புத்தகத்தில் அந்தத் தேதிக்கு நேரே வெள்ளையாக ஒரு பக்கம் நின்றது. அதைப் புரட்டும்போதெல்லாம் அவருக்குப் பல்லில் கல் பட்ட மாதிரி இருந்தது. சாம்பியன்ஷிப் நாளும் அப்படியே வெள்ளையாகிவிடும் என்று நினைக்கவே வலித்தது. மூன்று வருஷம் காய் என்றும் அழுகல் என்றும் எழுதியவர் கடைசி லோரியைப் பார்க்காமல் வீட்டுக்குப் போவதா? ஆனால் கேட்க மாட்டார். இந்தக் கூட்டத்திடம் போய், "என்னையும் உள்ளே விடுங்க" என்று கேட்பதைவிட வேனைக் கடலில் இறக்கிவிடலாம்.

இதற்கிடையில் நஸ்ரின் புத்தகத்தைப் பார்த்துவிட்டாள். ஒரு மாலை மழைக்கு எல்லாரும் வேனில் ஒதுங்கியிருந்தபோது, ஸ்டியரிங்குக்கு மேலே கிடந்த பச்சை அட்டையையும் அதற்கு அடியில் இருந்த பழைய இரண்டையும் எடுத்துப் புரட்டினாள். அப்பளசாமி குடையைப் பிடித்துக்கொண்டு வெளியே டயரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பி வந்தபோது பன்னிரண்டு தலையும் அவற்றின்மேல் குனிந்திருந்தன.

"அங்கிள், என் பேருக்கு நேரா மூணு மாசமா அழுகல் அழுகல்னே இருக்கே" என்றாள் நஸ்ரின்.

"வேற என்ன போடறது? நீ குடுத்தத எழுதனேன்."

அவள் அழுவாள் என்று அவர் எதிர்பார்த்தார். அவள் ஒவ்வொரு கட்டத்துக்கும் என்ன அர்த்தம் என்று கேட்டாள். வேண்டாவெறுப்பாகச் சொன்னார். நெட்டைக் காம்பு என்றால் என்ன செய்வார்கள் என்று கேட்டதற்கு, வெட்டச் சொல்லிவிட்டு எடுத்துக்கொள்வோம் என்றார். அழுகலை என்ன செய்வீர்கள் என்றதும் புத்தகங்களைப் பிடுங்கி வைத்துக்கொண்டார். ஆனால் அதற்குள் அவர்கள் பக்கம் பக்கமாகப் படம் பிடித்திருந்தார்கள் என்பது அவருக்குத் தெரியாது.

அடுத்த சில வாரங்களில் கட்டங்கள் இடம் மாறத் தொடங்கின. இடது மூலையிலிருந்து எறிந்த நாற்பதில் முப்பத்தேழு காய் என்று புத்தகம் சொன்ன பிறகு கெய்ட்லின் அந்த மூலைக்கே போகவில்லை. நஸ்ரின் பந்து வந்தால் ஒரு மூச்சு விட்டு, பிறகு கொடுத்தாள். ஒரு மாலை அவள் பெயருக்கு நேரே அழுகல் கட்டம் காலியாகவே இருந்தது. அப்பளசாமி பேனாவை வைத்துக்கொண்டு அந்தக் கட்டத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். எதிரணி ஆடத் தெரியாதது, அதனால்தான் என்று எழுதாமல் எழுதிக்கொண்டார். அகிலன் தன் கைதட்டலால்தான் இந்த முன்னேற்றம் என்று எல்லாரிடமும் சொல்லித் திரிந்தது அவருக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

போட்டிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, ஒரு திங்கட்கிழமை, வேனில் ஏறிய கெய்ட்லின் அவரிடம் ஒரு பழுப்பு உறையை நீட்டினாள். "அங்கிள், இது ஒங்களுக்கு. படிச்சுப் பாருங்க. அடுத்த வெள்ளிக்கெழம அஞ்சு மணிக்குள்ள சைன் பண்ணிக் குடுக்கணும்" என்றாள். சொல்லிவிட்டு ஏனோ சிரித்துக்கொண்டு பின்னால் போய்விட்டாள்.

உறைமேல் கல்லூரியின் முத்திரை இருந்தது. அது போதும் அவருக்கு. அகிலன் விளையாட்டுப் பொறுப்பு ஏற்றதிலிருந்து ஓட்டுநருக்கு மாதம் ஒரு சுற்றறிக்கை வரும். பெயர் அட்டை அணிய வேண்டும் என்று ஒன்று. வேனில் நாசி லெமாக் சாப்பிடக் கூடாது என்று ஒன்று. மாணவர்கள் ஏறும்போது ஓட்டுநர் புன்னகைக்க வேண்டும் என்று ஒன்று. அதற்குக் கையெழுத்து வேறு கேட்டார்கள். அந்தப் புன்னகைக் காகிதத்துக்குப் பிறகு அப்பளசாமி எதையும் படிப்பதில்லை. அவற்றுக்கு அவர் வேறு உபயோகம் கண்டுபிடித்திருந்தார். காலையில் எஞ்சின் எண்ணெய் பார்க்கும் கம்பியைத் துடைக்கத் துணி தேடி அலைய வேண்டியதில்லை. மறுநாள் காலை உறையைக் கிழித்து, உள்ளே இருந்த தாளை எழுத்து உள்பக்கம் போகும்படி மடித்து, கம்பியை ஒரு இழுப்பு இழுத்துத் துடைத்தார். எண்ணெய் சரியாக இருந்தது. தாளை இருக்கைக்கு அடியில் இருந்த தகர டின்னில் மற்ற காகிதங்களோடு போட்டார்.

அடுத்த வாரம், வெள்ளிக்கு இரண்டு நாள் முன்னால், பயிற்சி முடிந்து ஏறும்போது கெய்ட்லின் மெதுவாகக் கேட்டாள்.

"அங்கிள், அத பாத்தீங்களா?"

"எத?"

"நா குடுத்தன்ல, அந்த என்வலப்."

"பாத்தேன், பாத்தேன்" என்றார் அப்பளசாமி, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டே. "குப்பை. அதுல கையெழுத்துப் போட எனக்கு வேற வேல இல்ல."

எப்போதும் அவருக்கு நேர் பின்னால் உட்கார்ந்து, கடையில் நடந்ததையெல்லாம் சொல்லிக்கொண்டு வரும் நஸ்ரின் அன்று வாய் திறக்கவில்லை. இறங்கும்போது யாரும் "பாய் அங்கிள்" சொல்லவில்லை. போட்டி நெருங்குகிறது, பயந்து போயிருக்கிறார்கள் என்று அவர் எடுத்துக்கொண்டார். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும் என்று ஒரு பழமொழியையும் துணைக்கு வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

வெள்ளிக்கிழமை மாலை ஐந்தரைக்குப் படிக்கட்டு ஓரத்துப் பலகையில் பட்டியல் ஒட்டினார்கள். பன்னிரண்டு பெயர். கீழே, பெஞ்சில் உட்கார அனுமதி பெற்றவர்கள்: பயிற்சியாளர், அகிலன். துணைப் பயிற்சியாளர், கல்லூரித் தலைவரின் மைத்துனர். அந்த மனிதர் திடல் பக்கம் வந்ததே இல்லை. பொன்னாடை ஒத்திகைக்கு மட்டும் தவறாமல் வந்தார். அதற்கும் கீழே ஒரு வரி: ஆட்டக் குறிப்பாளர். அதற்கு நேரே ஒரு கோடு மட்டும் போட்டிருந்தது.

அப்பளசாமி அந்தக் கோட்டைப் பார்த்தபடி நின்றார். இப்படி ஓர் இடம் இருக்கிறது. ஆட்டத்தைக் குறித்துக்கொண்டு பெஞ்சிலேயே உட்கார ஓர் ஆளுக்கு இடம் இருக்கிறது. அதை இந்த மடையர்கள் காலியாக விட்டிருக்கிறார்கள். மூன்று வருஷமாக ஒருத்தன் கண்ணெதிரே எழுதிக்கொண்டிருப்பது ஒருவர் கண்ணிலும் படவில்லை. அந்தக் கோட்டின்மேல் நகத்தால் ஒரு கீறல் போட்டார். கோபம் என்று நினைத்தார். கோபம் இல்லை அது.

பின்னாலிருந்து அகிலன் வந்தார். கழுத்தில் விசில். வழக்கமான கைதட்டல் இல்லை.

"ஏண்ணே அப்படிச் சொன்னீங்க?" என்றார். "அந்த எடம் ஒங்களுக்காக வாங்குனது. டிரைவர பெஞ்சுல ஒக்கார வைக்கறதான்னு ஆபீஸ்ல முடியாதுன்னாங்க. நா மூணு தடவ போயி சண்ட போட்டேன். பிள்ளைங்கதான் ஃபார்ம எழுதுச்சிங்க. நீங்க குப்பைன்னு சொல்லிட்டீங்கன்னு அன்னிக்கு நஸ்ரின் ஒரே அழுகை."

"இப்ப குடுத்தா...?"

"அஞ்சு மணிக்கு அனுப்பியாச்சு, அண்ணே. இனிமே மாத்த முடியாது லா."

அகிலன் படியேறிப் போனார். மூன்று வருஷமாக அவரைப் பற்றி அப்பளசாமி சேர்த்துவைத்திருந்த சொற்களெல்லாம் வாய்க்குள்ளேயே கிடந்தன. அவற்றில் ஒன்றுகூட அந்த நேரத்துக்கு உதவவில்லை.

வேனுக்குப் போய்த் தகர டின்னைக் கவிழ்த்தார். பெயர் அட்டை, நாசி லெமாக், புன்னகை, எல்லாம் கறுப்பாக விழுந்தன. நடுவில் அது இருந்தது. பிரித்தார். அச்சடித்த விண்ணப்பம். பெயர் என்ற இடத்தில் அப்பளசாமி என்று பிழையில்லாமல் எழுதியிருந்தார்கள். அனுபவம் என்ற இடத்தில் மூன்று வருஷம், முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கம் என்று இருந்தது, எண்ணியிருக்கிறார்கள். ஏன் இவர் தேவை என்ற கேள்விக்குக் கீழே நஸ்ரினின் கோணல் எழுத்து தமிழில் ஓடியது: "எங்களைப் பற்றிப் பொய் சொல்லாத ஒரே ஆள் இவர்தான்." அதன் கீழே பன்னிரண்டு கையெழுத்து. நான்கைந்து கையெழுத்துகள் எண்ணெய்க் கறைக்குள் மூழ்கிப்போயிருந்தன. கடைசியில் அவர் கையெழுத்துக்கு ஒரு கட்டம். கறை அதில் படவே இல்லை. சுத்தமாக, காலியாக இருந்தது.

அவர் அதை வீட்டுக்கு எடுத்துப்போய்த் துளசியிடம் காட்டினார். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலிருந்து கீழ்வரை படித்தாள். பிறகு மடித்து அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள்.

"நுணலும் தன் வாயால் கெடும்னு சும்மாவா சொன்னாங்க" என்றாள். "நாளைக்கு அதுங்ககிட்ட என்ன சொல்லப் போறீங்க?"

அதுதான் கேள்வி. சொல்லாமலே இருந்துவிடலாம். படித்துப் பார்த்துவிட்டு, பெருந்தன்மையாக வேண்டாம் என்று ஒதுக்கிய மனிதர் என்று அந்தப் பெண்கள் நினைத்துக்கொண்டு போகட்டும். ரிஜெக் சாமிக்கு அது கௌரவமான முடிவு. படிக்காமலே தள்ளியவன் என்று ஒப்புக்கொள்வதோ வேறு கதை. ஆலையில் இருபத்தெட்டு வருஷத்தில் ஒரு குலையைக்கூட அவர் புரட்டிப் பார்க்காமல் கழித்ததில்லை. அந்த ஒன்றை வைத்துத்தான் தலையை நிமிர்த்தி நடந்தார்.

சனிக்கிழமை காலை ஆறரைக்கு எல்லாரும் ஏறினார்கள். புதுச் சட்டை, முதுகில் கல்லூரித் தலைவரின் முகம். நஸ்ரின் கடைசி வரிசைக்குப் போய் உட்கார்ந்தாள். ஈஜோக் தாண்டும்வரை எல்லாரும் சன்னல் பக்கம் திரும்பியிருந்தார்கள். அப்பளசாமி கண்ணாடியில் அவர்களைப் பார்த்தார். மூன்று முறை வாயைத் திறந்தார். மூன்று முறையும் கியர் மாற்றினார். அந்த நீண்ட நேர்ச் சாலையில் கியர் மாற்ற ஒரு காரணமும் இல்லை.

ரவாங் மண்டபத்துக்கு வெளியே வேனை நிறுத்தினார். ஒன்பது மணிக்கு முதல் ஆட்டம். வாசலில் ஒலிபெருக்கி அலறிக்கொண்டிருந்தது. அவர் இறங்கிச் சுற்றிவந்து, பக்கக் கதவைத் திறந்து, அவர்கள் இறங்க முடியாதபடி குறுக்கே நின்றுகொண்டார். சட்டைப் பையிலிருந்து அந்தத் தாளை எடுத்துப் பிரித்து நீட்டினார்.

"குப்பைன்னு சொன்னது படிச்சிட்டு இல்ல" என்றார். "படிக்கவே இல்ல. சார் அனுப்புன சர்க்குலர்னு நெனச்சி, எண்ணெக் கம்பிய தொடச்சிட்டேன். நேத்து சாயங்காலந்தான் பாத்தேன்."

நடு வரிசையில் யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு அவருக்குச் சுருக்கென்று தைத்தது. கெய்ட்லின் தாளை வாங்கிப் பார்த்தாள். கறைக்குள் இருந்த தன் கையெழுத்தைக் கண்டுபிடித்துக் கட்டைவிரலால் தேய்த்தாள். போகவில்லை.

"பன்னெண்டு பேரும் ஒக்காந்து எழுதுனோம் அங்கிள்" என்றாள்.

ஆலையில் குலையைக் கொட்டிவிட்டுத் தள்ளி நிற்கும் லோரிக்காரர்கள் எப்படி நிற்பார்கள் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். அப்படித்தான் நின்றார்.

நஸ்ரின் பின்னாலிருந்து எழுந்து வந்து கையை நீட்டினாள். "புக்க குடுங்க" என்றாள். அவர் பச்சை அட்டையைக் கொடுத்தார். பேனாவும் கேட்டாள். கொடுத்தார். அன்றைய தேதிப் பக்கத்தைத் திறந்து, லோரி எண் கட்டத்தில், பன்னிரண்டு பெயருக்கும் மேலே, அப்பளசாமி என்று எழுதினாள். பேனா முனை கட்டங்களின் மேல் மெதுவாக நகர்ந்தது. அழுகல் கட்டத்தின் மேல் நின்றது. அவராக இருந்தால் அங்கேதான் போட்டிருப்பார். போட்டுவிட்டு அடுத்த லோரிக்கும் போயிருப்பார். அவள் அதைத் தாண்டினாள். வெற்றுக் குலையையும் தாண்டினாள். கடைசியில் இருந்த நெட்டைக் காம்புக் கட்டத்தில் ஒரு கோடு போட்டாள்.

"வெட்டிட்டு வாங்க அங்கிள்" என்றாள். "எடுத்துக்கலாம்."

சிரிக்காமல்தான் சொன்னாள். புத்தகத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு இறங்கினாள். பெஞ்சில் உட்காருகிறவள் மாற்றி மாற்றி எழுதுவது என்று மற்றவர்கள் பேசிக்கொண்டே அவளுக்குப் பின்னால் போனார்கள். மூன்றாவது கதவில் அனுமதி அட்டைகளைக் காட்டி ஒவ்வொருத்தியாக உள்ளே மறைந்தார்கள். ஓட்டுநர்கள் வண்டியோடு இருக்க வேண்டும் என்று காவலாளி ஒருவர் வந்து சொல்லிவிட்டுப் போனார்.

அப்பளசாமி ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தார். கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. பேனாவும் அவர்களோடு போய்விட்டிருந்தது.

சிறிது நேரத்தில் கல்லூரித் தலைவரின் மைத்துனர் வந்தார். கழுத்தில் துணைப் பயிற்சியாளர் அட்டை, தோளில் நேற்றைய வழியனுப்பு விழாப் பொன்னாடை. வேன் சன்னலில் குனிந்து, நம்ம பிள்ளைகள் என்ன கலர் சட்டை போட்டிருக்கிறார்கள், எந்தக் கதவு வழியாகப் போக வேண்டும் என்று கேட்டார். அப்பளசாமியின் நாக்கு நுனியில் சொல் தயாராக வந்து நின்றது. இருபத்தெட்டு வருஷத்தில் இவ்வளவு பொருத்தமான வெற்றுக் குலையை அவர் பார்த்ததில்லை. வாயை மூடிக்கொண்டார். மஞ்சள் சட்டை, மூன்றாவது கதவு என்று கையைக் காட்டினார். சொல்லாமல் விட்டாரே தவிர, நினைக்காமல் விடவில்லை.